சாட்சியில்லா நோவு

2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் திரண்ட மக்கள் கூட்டத்தை மலையகம் எளிதில் மறந்துவிடாது. இந்தியப் பிரதமர் அங்கு வந்து பேசினார். தோட்டங்களுக்கு மேலும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்று அறிவித்தார். அதே நாளில், சில கல் தொலைவிலுள்ள டிக்கோயாவில், 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலையும் அவரால் திறந்துவைக்கப்பட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்து லயத்துக் காம்பராவிலேயே மடிந்த மூன்று நான்கு தலைமுறைகளின் வழித்தோன்றல்கள் வீட்டையும் வைத்தியசாலையையும் கேட்டு மகிழ்ந்ததில் வியப்பில்லை. இரண்டும் அவர்களுக்கு உரியவை. மிகத் தாமதமாக வந்தவை.

அந்த வைத்தியசாலையின் வாயில்வரை வரத் தயங்கும் ஒரு நோவைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். இது பெண்ணின் நோவு. காய்ச்சலைப்போல் வெப்பமானியில் ஏறுவதில்லை, முறிந்த எலும்பைப்போல் படத்தில் விழுவதில்லை, இரத்தம் காட்டுவதில்லை. பெண்குறியின் புறத்திலும் யோனியின் வாயிலிலும் மாதக்கணக்காக, வருடக்கணக்காக எரிந்துகொண்டே இருக்கும் நோவு அது. இன்றைய வைத்தியம் அதனை வல்வொடினியா என்று அழைக்கிறது. 2015இல் சர்வதேச வைத்தியச் சங்கங்கள் மூன்று ஒன்றுகூடி வகுத்த வரையறையின்படி, குறைந்தது 3 மாதங்கள் நீடித்து, தெளிவான காரணம் எதுவும் அகப்படாத நோவே இது.

ஓர் இலக்கியச் சஞ்சிகையில் இதற்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். கேட்கட்டும், விடை சொல்லவே இக்கட்டுரை. மக்களின் துன்பத்தை எழுதுவதே இலக்கியத்தின் கடமை என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை கிடையாது. ஆயினும் எத்தகைய துன்பம் நமது பேனாவுக்குத் தென்பட்டது, எத்தகைய துன்பம் தென்படவே இல்லை என்று நாம் கணக்குப் பார்த்ததில்லை. அந்தக் கணக்கை எடுத்துப் பார்க்கும்போது, இலக்கியமும் வைத்தியமும் ஒரே இடத்தில் ஒரே விதமாகக் குருடாயிருந்தமை புலனாகிறது.

*

முதலில் அந்தப் பெண்ணை அவள் நிற்குமிடத்தில் காண்போம்.

கெசல்கமுவ ஓயாவின் இருமருங்கிலும் ஏறிச் செல்லும் தேயிலை மலைகளில் ஒன்றில் அவள் நிரை பிடித்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலைப் பனி இன்னும் செடியைவிட்டு இறங்கவில்லை. இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய படங்கு ஈரத்தையும் அட்டையையும் தடுக்கும். அதே படங்கு உள்ளே நனைந்த துணியை உடலோடு ஒட்டவும் வைக்கும். ஏறவும் இறங்கவும் குனியவும் வேண்டும். மலசலகூடம் லயத்துப் பக்கத்தில். அவள் நிற்பதோ மலை உச்சியில். நிறுவைக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர். இந்நிலையில் உடலின் மிக மென்மையான இடத்தில் தீப்பட்டாற்போல் எரிகிறது. உட்கார்ந்தால் நோகிறது, துணி உராய்ந்தால் நோகிறது. இரவிலோ, கணவன் அருகில் வந்தால் நோகிறது.

இதனை அவள் யாரிடம் எந்தச் சொல்லால் சொல்வாள்?

‘வெள்ளை படுகிறது’ என்று சொல்லலாம். அது வேறொரு நிலையின் பெயர். ‘சூடு’ என்று சொல்லலாம். அதற்கு மோரும் வெந்தயமும் வரும். ‘அடிவயிறு நோகிறது’ என்று சொல்லலாம். நாணம் காரணமாகப் பலர் அப்படித்தான் சொல்வார்கள். மருந்தும் அடிவயிற்றுக்கே கொடுக்கப்படும். உள்ளதை உள்ளபடி சொன்னால் ‘கெட்ட நோய்’ என்ற ஐயம் எழும்; அதைத் தொடர்ந்து எங்கே வாங்கினாய் என்ற கேள்வியும் எழும். வீட்டில் அவள் மறுக்கும் ஒவ்வொரு இரவுக்கும் கணவன் ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வான். நோவு என்ற உண்மைக் காரணத்தைத் தவிர மற்ற எல்லாக் காரணங்களுக்கும் நமது சமுதாயத்தில் சொல் உண்டு. அவற்றுள் சில அடியிலும் உதையிலும் முடிபவை.

*

சொல் இல்லை என்று எழுதும்போது பழந்தமிழ் கற்ற ஆசிரியர் ஒருவர் என்னை மறிக்கக்கூடும். அல்குல் என்ற சொல்லைச் சங்கப் புலவர்கள் எத்தனை இயல்பாக ஆண்டனர் என்று அவர் கேட்பார். உண்மைதான். அச்சொல் இடையைக் குறிக்குமா, அரையைக் குறிக்குமா, பெண்குறியைக் குறிக்குமா என்று அறிஞர்கள் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். எதைக் குறித்தாலும் அது புலவனின் பார்வைக்கு இனிய உறுப்பாகவே பாட்டில் நின்றது; பாம்பின் படம் அதற்கு உவமையாயிற்று; மேகலையால் அணி செய்யப்பட்டது. அதற்கு உரியவள் அதைத் தன் உடம்பின் பகுதியாக உணர்ந்து, அங்கே நோகிறது என்று சொல்லும் பாட்டு நம் கைக்கு வந்து சேரவில்லை. புகழப்படுவதற்குச் சொல் இருந்தது, முறையிடுவதற்கு இல்லை.

பண்டை வைத்தியம் கவிதையைவிடச் சற்று நேர்மையாகவே இருந்தது. சரக சம்ஹிதை யோனி நோய்கள் இருபது என்று வகுத்தது. அவற்றுள் தொட்டால் பொறுக்காத நோய்நிலையும் ஒன்று. எனினும் அங்கும் அக்கறையின் ஊற்று வேறு. கெட்டுப்போன யோனி கருவைத் தாங்காது என்ற கவலையே அந்த ஆராய்ச்சியைப் பெரிதும் நடத்திச் சென்றது. நிலம் விளையவில்லையே என்று வருந்தும் நிலச்சொந்தக்காரனின் கவலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

இனி நமது காலத்து எழுத்துக்கு வருவோம். தேயிலைத் தோட்டத்துப் பெண்ணைத் தமிழ்ப் புனைகதைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளுள் முதலில் நினைவுக்கு வருபவர் புதுமைப்பித்தன். ‘துன்பக்கேணி’யில் மருதி இலங்கைத் தோட்டத்துக்கு வந்து, அங்குள்ள அதிகாரத்தின் இச்சைக்கு இரையாகி, நோயுற்றுச் சீரழிகிறாள். அந்தக் கதையின் வன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெண்ணின் மறைவிடத்து நோயை நாகரிகப் போர்வை போர்த்தாமல் எழுதிய துணிவுக்கு அது சான்று. ஆயினும் அங்கே நோய் ஒரு குற்றப்பத்திரிகையாக நிற்கிறது. அதைச் செய்தவன் ஒருவன் உண்டு. நோயைச் சுட்டினால் அவன் அகப்படுகிறான். அகப்படுவதற்காகவே நோய் சுட்டப்படுகிறது.

தென்னிந்தியாவின் வால்பாறைத் தோட்டங்களில் வைத்தியராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்த நாவலும் இவ்வகையைச் சேர்ந்ததே. காய்ச்சலும் சாவும் பெண்கள்மீது நடக்கும் கொடுமையும் அதில் சுரண்டலின் சாட்சிகளாக அணிவகுக்கின்றன. வைத்தியர் ஒருவர் எழுதியதாகையால் அதற்கு இரட்டை வலு. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வந்தது. தோட்டத்துப் பெண்ணின் வாழ்வைப் பெண்ணொருவரே நாவலாக்கிய சிறப்பு அதற்குண்டு. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கொழுந்தின் நிறையைச் சுற்றி எழும் ஐயத்தையும் மானத்தையும் பொருளாகக் கொண்டு, உழைப்பாளியின் பெருமிதத்தை மலையகச் சிறுகதைக்கு அணிகலனாக்கியது.

இவையெல்லாம் நமது செல்வங்கள். இவற்றை எழுதியோர் எழுதாதிருந்தால் மலையகத்தின் கண்ணீர் துரைமாரின் அறிக்கைகளில் வெறும் எண்ணாகவே கரைந்திருக்கும். இருந்தும் ஒரு வழக்கம் நம்மிடையே ஊறிப்போயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெண்ணின் நோவு கதையில் இடம்பெற வேண்டுமாயின் அதற்கொரு குற்றவாளி வேண்டும்: துரை வேண்டும், கங்காணி வேண்டும், குடிகாரக் கணவன் வேண்டும். கைநீட்டிக் காட்ட ஆளில்லாத நோவு, காயமில்லாத நோவு, போராட்டத்துக்குக் கொடியாகாத நோவு நமக்குக் கதைப்பொருளாகத் தோன்றவில்லை. நமது யதார்த்தவாதம் சாட்சியம் கேட்டது. சாட்சியில்லா நோவை அது தள்ளுபடி செய்தது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் பெண் கவிஞர்கள் உடலைத் தம் வாயாலேயே பேசத் தொடங்கினர். குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுதி 2002இல் வெளிவந்தபோது எழுந்த கூச்சலை வாசகர் அறிவர். சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரி ஆகியோரும் அந்த வசையைத் தாங்கியவர்கள். சொல்லைக் கைப்பற்றியமை அவர்களின் சாதனை. அவர்கள் திறந்த வாயிலில் வேட்கையும் சினமும் வந்து நின்றன. நோய் மட்டும் இன்னும் வாயிலுக்கு வெளியே காத்திருக்கிறது.

*

வைத்திய வரலாறு இதைவிட மேலானதா என்று பார்ப்போம்.

யோனி வாயிலில் தொட்டதும் எழும் நோவையும் தசை இறுக்கத்தையும் 1860களின் தொடக்கத்தில் எழுதி, அதற்குப் பெயரும் சூட்டியவர் அமெரிக்க வைத்தியர் மரியன் சிம்ஸ். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1845 முதல் 1849 வரை, அலபாமாவில் அடிமைப் பெண்களின் உடலில் மயக்கமருந்தின்றித் திரும்பத் திரும்ப அறுவை செய்து தொழில் கற்றவரும் அவரே. அனார்க்கா, லூசி, பெட்சி என்ற மூவரின் பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்துள்ளன. சீமாட்டியின் நோவு நோயாகப் பதியப்பட்டது. அடிமையின் நோவு பதிவுக்குரியதாகவே கருதப்படவில்லை. அவருடைய சிலை நியூ யோர்க் நகரின் பூங்காவிலிருந்து 2018இல்தான் அகற்றப்பட்டது.

1880இல் அந்நகரின் மற்றொரு வைத்தியரான தோமஸ், பெண்குறியின் புறப்பகுதியில் காயமோ வீக்கமோ இல்லாமலே நரம்புகள் மிகையாக நோவை உணரும் நிலையைத் தம் நூலில் தெளிவாக விவரித்தார். அதன்பின் நடந்ததே விந்தை. அந்த நோய் வைத்திய நூல்களிலிருந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு மறைந்தது. நோய் உலகைவிட்டுப் போய்விடவில்லை; பெண்கள் எரிச்சலோடு வைத்தியரிடம் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது, நோவு மனத்தில் இருக்கிறது என்று கூறி அனுப்பிவிடுவது எளிதாயிருந்தது. 1970களில்தான் சர்வதேச வைத்தியர் சங்கம் ஒன்று அதனை மீண்டும் கையிலெடுத்தது.

2003இல் பொஸ்டன் நகரப் பகுதியில் ஹார்லோ, ஸ்டூவர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 4,900 பெண்களிடம் கேட்டறிந்த செய்தி இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். நூற்றுக்கு 16 பேர்வரை தம் வாழ்வில் ஒரு காலத்தில் இத்தகைய நோவை 3 மாதமோ அதற்கு மேலோ அனுபவித்ததாகக் கூறினர். அவர்களுள் நூற்றுக்கு 40 பேரளவினர் வைத்தியத்தையே நாடவில்லை. நாடியவர்களில் 60 சதவீதத்தினர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வைத்தியர்களிடம் அலைந்தனர். பலருக்கு அப்போதும் நோயின் பெயர் கிடைக்கவில்லை. பணமும் படிப்பும் வைத்தியசாலைகளும் நிறைந்த நகரில் நிலை இது. நோர்வூட்டிலிருந்து பஸ் ஏறிவரும் பெண்ணின் நிலையை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

*

இப்போது விஞ்ஞானம் புதிய திசையொன்றில் தேடத் தொடங்கியிருக்கிறது. நுண்ணுயிர்களின் திசை அது.

யோனி வெறுமையான இடமன்று. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. 1892இல் ஜெர்மானிய வைத்தியர் டோடர்லைன் அவற்றுள் கோல் வடிவமான ஒன்றை விவரித்தார். பால் தயிராகும்போது வேலை செய்யும் லாக்டோபாசிலஸ் என்னும் இனத்தின் உறவு அது. பெண்மைச் சுரப்பின் தூண்டுதலால் யோனிச் சுவரில் ஒருவகை மாச்சத்து சேர்கிறது. அது சிதைந்து தரும் சர்க்கரையை இவ்வுயிர்கள் உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. அந்தப் புளிப்பில் தீங்கு செய்யும் கிருமிகள் பல வாழ இயலாது. உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. சவர்க்காரத்துக்கு இதில் வேலை இல்லை. உள்ளே கழுவுதல் இந்த ஏற்பாட்டைக் குலைக்கவே செய்யும்.

காரணம் அகப்படாத நோவுக்கும் இந்த நுண்ணுயிர்க் குடியமைப்புக்கும் தொடர்பு இருக்குமா? இருக்கலாம் என்று எண்ணச் சில சான்றுகள் உள்ளன. இந்நோயுள்ள பெண்களில் பலர், முன்பு பூஞ்சைத் தொற்று தமக்குத் திரும்பத் திரும்ப வந்ததாகச் சொல்கிறார்கள். 1998இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இவர்களின் யோனி வாயில் திசுவில் நரம்பு முனைகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருகியிருப்பதைக் கண்டனர். 2011இல் எலிகளிடம் நடந்த பரிசோதனை ஒன்று இவ்விரண்டையும் இணைத்துக் காட்டியது: கேண்டிடா என்னும் பூஞ்சையைப் பலமுறை தொற்றச் செய்து மருந்தால் நீக்கியபின், கிருமி முற்றாக மறைந்த நிலையிலும் சில எலிகளுக்கு அவ்விடத்தில் தொடுகையே நோவாகிவிட்டது, நரம்பு இழைகளும் பெருகியிருந்தன. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில், நோவுள்ள இடத்திலிருந்து எடுத்த திசுவின் உயிரணுக்கள் மிகச் சிறிய அளவுப் பூஞ்சைக்கும் பெரிய அழற்சியால் பதில் கூறின.

மலைநாட்டவர்க்கு இது விளங்குவது எளிது. அடைமழை பலநாள் பெய்து மண்ணின் பிடியைத் தளர்த்திவிட்டுப் போய்விடுகிறது. வானம் வெளுத்துவிட்டது என்று வந்து பார்ப்பவர் சொல்கிறார். ஆனால் மேடு முன்போல் இல்லை. சிறு தூறலுக்கும் சரிகிறது. தொற்று போனபின் எடுக்கும் பரிசோதனையில் ‘கிருமி இல்லை’ என்று வருவது, ‘மழை இல்லை’ என்று சொல்வதைப் போன்றது.

இத்துடன் முடிவு கட்டிவிடலாகாது. நோயுற்ற பெண்களின் நுண்ணுயிர்க் குடியமைப்பையும் நோயற்றவர்களின் குடியமைப்பையும் நேருக்குநேர் ஒப்பிட்ட ஆய்வுகள் தீர்க்கமான வேற்றுமையைக் காட்டவில்லை. இரு சாராரிடமும் பெரும்பாலும் ஒத்த உயிர்களே காணப்பட்டன. ஆகவே நுண்ணுயிரே காரணம் என்பவர் அவசரப்படுகிறார்; நுண்ணுயிருக்குப் பங்கே இல்லை என்பவரும் அவ்வாறே. நரம்பு, தசை, சுரப்பு, அழற்சி, மன உளைச்சல் எனப் பல இழைகள் பின்னிக்கிடக்கும் நோயில் இதுவும் ஓர் இழையாக இருக்கலாம் என்பதே இன்றைய நிலை.

*

இந்த ஆராய்ச்சியை வரவேற்கும் அதே வேளையில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. குற்றவாளியைத் தேடி அலையும் மனத்துக்குக் கிருமி என்பது மிகவும் வசதியான குற்றவாளி. கிருமி என்றவுடன் அழுக்கு என்ற எண்ணம் வருகிறது. அழுக்கு என்றவுடன் அழுக்கானவள் என்ற முடிவு வந்துவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானிய வைத்தியர்கள் யோனியின் நுண்ணுயிர் நிலைகளை வகைப்படுத்தியபோது அவற்றுக்கு இட்ட பெயரே ‘தூய்மைப் படிகள்’ என்பதுதான். தீட்டு என்ற சொல்லோடு வளர்ந்த நமது சமுதாயத்துக்கு இந்தப் பாஷை புதிதன்று. மாதவிலக்கு நாட்களில் பெண்ணைத் தனியே அமர்த்திய வழக்கம், விஞ்ஞானத்தின் உடையை உடுத்திக்கொண்டு திரும்பி வர அதிக நேரம் பிடிக்காது. அந்த அச்சத்தை விலைக்கு விற்கும் வாசனைத் திரவப் போத்தல்கள் ஏற்கெனவே கடைகளுக்கு வந்துவிட்டன.

‘இயல்பு’ என்று எதைச் சொல்வது என்பதே விவாதத்துக்குரியது. 2011இல் அமெரிக்காவில் ராவெல் என்பவரின் தலைமையில் 396 பெண்களை ஆராய்ந்தார்கள். நான்கு இனத்தவரிலிருந்தும் பெண்களைத் தெரிவுசெய்திருந்தனர். லாக்டோபாசிலஸ் மிகுந்த குடியமைப்பே நலத்தின் அடையாளம் என்று பாடநூல்கள் கூறிவந்தன. ஆனால் கறுப்பினப் பெண்களிலும் ஸ்பானிய வழிவந்த பெண்களிலும் நூற்றுக்கு 40 பேரளவினரிடம் அவ்வுயிர்கள் குறைந்து வேறு பல உயிர்கள் கலந்த குடியமைப்பே இருந்தது. அவர்கள் நோய்க்குறி ஏதுமற்றவர்கள். வெள்ளையரிடம் அது நூற்றுக்கு 10 அளவே. கலப்புக் குடியமைப்பில் ஆபத்தே இல்லை என்பது இதன் பொருளன்று. சில தொற்றுகளுக்கு அது வழிவிடக்கூடும். வெள்ளைப் பெண்ணின் உடலை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றோரைக் குறையுடையோர் எனத் தீர்ப்பளிப்பது விஞ்ஞானமாகாது என்பதே பொருள். நோர்வூட்டுப் பெண்ணின் இயல்பு எது என்பதை நோர்வூட்டுப் பெண்களிடம் கேட்டுத்தான் அறியவேண்டும்.

அழுக்கு என்ற பேச்சு எழும்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மலையுச்சியில் மலசலகூடம் இல்லாமையும், நனைந்த துணியோடு நாள் முழுதும் நிற்கவேண்டியிருப்பதும், லயத்தில் பல குடும்பங்களுக்குப் பொதுவான ஒரே குழாயும் யாருடைய அழுக்கு? அவை பெண்ணின் ஒழுக்கக்கேடல்ல. நூற்றைம்பது ஆண்டுத் தோட்ட நிர்வாகத்தின் கணக்கு. இவற்றைச் சீராக்குவது தொற்றுகளைக் குறைக்க உதவும். ஆனால் தண்ணீரும் கழிப்பறையும் வந்துவிட்டால் இந்த நோவு தானாகவே மறையும் என்றும் நாம் ஏமாறலாகாது. குளியலறை உள்ள பொஸ்டன் பெண்ணுக்கும் அது இருந்தது.

*

தோழர்கள் சிலர் சொல்லப்போவது என் காதில் இப்போதே விழுகிறது. ‘சம்பளப் போராட்டம் முடியவில்லை, காணியுரிமை கிடைக்கவில்லை, 1948இல் பறிக்கப்பட்ட பிரஜாவுரிமையை முழுதாக மீட்கவே பல பத்தாண்டுகள் சென்றன. இந்த நேரத்தில் இது நடுத்தர வர்க்கத்துச் சீமாட்டிகளின் நோய் அல்லவா?’

அல்ல. முன்சொன்ன 2003ஆம் ஆண்டு ஆய்விலேயே கறுப்பினப் பெண்களும் வெள்ளைப் பெண்களும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இந்நோவைக் கூறினர். வைத்தியரின் அறைக்கு வசதியுள்ளவர்கள் மட்டும் வந்ததால் அது வசதியுள்ளோரின் நோயாகத் தோற்றமளித்தது. வராதவர்களுக்கு நோய் இல்லை என்று எண்ணுவது, மனுப்போடாதவனுக்குப் பசியில்லை என்று எண்ணுவதற்கு ஒப்பானது.

அன்றியும், தோட்டத்துப் பெண்ணின் உடலை நிர்வாகம் எந்நாளும் கணக்கில் வைத்தே வந்திருக்கிறது. தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872இலேயே சட்டம் வந்தது; நோயுற்ற கூலி வேலைக்கு வரமாட்டாள் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. ஆணுக்குச் சமமான கூலி பெண்ணுக்குக் கிடைக்க 1984வரை காத்திருக்க நேர்ந்தது. அதே 1980களில் கருத்தடை அறுவைக்கு ஊக்கப்பணம் வழங்கப்பட்டது. அவ்வறுவை செய்துகொண்ட பெண்களின் விகிதம் நாட்டின் பிற பகுதிகளைவிடத் தோட்டங்களில் உயர்ந்திருந்தது. அவள் பறிக்கும் கிலோ எண்ணப்பட்டது. பெறும் பிள்ளை எண்ணப்பட்டது. பெறாமல் நிறுத்திய பிள்ளையும் எண்ணப்பட்டது. அவளுடைய நோவை எண்ணுவதற்கு மட்டும் எந்தக் கொப்பியிலும் பத்தி இல்லை. இதை வர்க்கப் பிரச்சினை இல்லையென்றால் வேறெதை அவ்வாறு அழைப்போம்?

செய்யவேண்டியது பெரும் பொருட்செலவுள்ள காரியமுமன்று. இந்நோவைக் கண்டறியும் முதற் சோதனைக்கு வேண்டியது ஒரு பஞ்சுக் குச்சி. யோனி வாயிலைச் சுற்றிய இடங்களை அதனால் மெல்லத் தொட்டு, எங்கே நோகிறது, எவ்வளவு நோகிறது என்று கேட்பதே சோதனை. தொற்று இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கு மருந்து. இல்லையென்றால் பூஞ்சைக்கும் கிருமிக்குமான மருந்துகளைக் குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றிக் கொடுப்பதை நிறுத்துதல். இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, மேலே பூசும் மரமரப்பு மருந்து, நரம்பு நோவுக்கான மாத்திரை, மன ஆதரவு ஆகியவற்றால் பலர் ஆறுதல் பெறுகின்றனர். மிகச் சிலருக்கே அறுவை தேவைப்படும். இந்நாட்டில் 1996 முதல் சுக வனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. புற்றுநோய்க்கான சோதனைக்கு வரும் பெண்ணிடம், ‘அங்கே எரிச்சலோ நோவோ உண்டா?’ என்ற ஒரு கேள்வியை, அவளது மொழியில், மறைப்புத் திரைக்குப் பின்னால், மருத்துவமாது கேட்டால் போதும். பாதி வைத்தியம் அதிலேயே தொடங்கிவிடும்.

அந்தக் கேள்விக்குப் பெண் பதில் கூற ஒரு சொல் வேண்டும். இவ்விடத்தில்தான் எழுத்தாளனுக்கு வேலை. வைத்தியர் பெயர் சூட்டலாம். அந்தப் பெயர் லயத்து வாசலைத் தாண்டி உள்ளே போகாது. பசியையும் கூலியையும் அவமானத்தையும் மக்களின் பேச்சிலிருந்தே எடுத்து, மக்களிடமே திரும்பக் கொடுத்த மரபு நமது மலையக எழுத்து மரபு. இந்நோவையும் அவ்வாறே எழுதவேண்டும். குற்றவாளியைத் தேடாமல், பரிதாபக் காட்சியாக்காமல், பிரட்டுக்குப் போய் நிரையில் நின்று பேர் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் ஒரு பெண்ணின் அன்றாடத்தின் பகுதியாக எழுதவேண்டும். அக்கதையை வாசிக்கும் ஆசிரியை தன் மாணவியிடம் கூச்சமின்றிப் பேசுவாள். அதைக் கேட்ட மாணவி லயத்துக்குப் போய்த் தன் தாயிடம் கேட்பாள்.

காரணத்தை விஞ்ஞானம் தேடிக்கொண்டிருக்கட்டும். அது நுண்ணுயிரிலோ நரம்பிலோ இரண்டிலுமோ ஒருநாள் அகப்படும். அதுவரை ஒரு பெண் நோகிறது என்றால் நோகிறது என்று நம்புவதற்கு எந்த நுணுக்குக்காட்டியும் வேண்டியதில்லை. நோர்வூட்டிலிருந்து டிக்கோயா வைத்தியசாலைக்கு அதிக தூரமில்லை. அந்த வழியில் அவள் துணிந்து பஸ் ஏறும் நாளை விரைவுபடுத்துவது நம்மால் ஆகக்கூடிய காரியம்.